பழைய வயரின் இன்சுலேஷனைச் சோதித்து மாற்றும் முறை: வீடு, தறிக்கொட்டகை, தோட்டத்து மோட்டார் ஆகியவற்றுக்கான முழுமையான வழிகாட்டி

பல்லடம், சோமனூர் பக்கத்துத் தறிக்கொட்டகைகளிலும், காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளிலும் (தோட்ட வீடுகளிலும்) பழைய வயரிங்கைச் சரிபார்க்கப் புதிதாக வருபவர்கள், "இந்த வயர் போட்டு எத்தனை வருஷம் ஆச்சுங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வரும் பதிலை வைத்தே மாற்றலாமா வேண்டாமா என்று முடிவும் செய்துவிடுகிறார்கள். பி.வி.சி. பிளாஸ்டிக்காலான இன்சுலேஷனின், அதாவது வயரின் மேல்தோலின், ஆயுளை ஆண்டுக்கணக்கு தீர்மானிப்பதில்லை. ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் இழுத்த வயரில், மோட்டார் ஸ்டார்ட்டரின் திருகுக்கு அருகே உள்ள ஒரு சாண் நீளம் முற்றிலும் செத்துப் போயிருக்க, பைப்புக்குள் இருக்கும் மீதி நேற்று வாங்கியது போல் மிருதுவாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எனவே எந்த இடம், எந்தக் காரணத்தால் கெட்டது என்று கண்டுபிடிப்பதே வேலையின் பெரும்பகுதி.

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தொடாமல் பார்க்க வேண்டும், பிறகு மெகர் என்னும் இன்சுலேஷன் டெஸ்டரால் அளக்க வேண்டும், அதன் பிறகே முனைகளைத் திறந்து வளைத்துப் பார்க்க வேண்டும், வெட்டுவது கடைசி. இறுகிப்போன இன்சுலேஷன், அசைக்காத வரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அசைத்தால் பிளக்கும். அளப்பதற்கு முன்பே வயரை இழுத்துப் பார்த்தவருக்கு, அந்தப் பிளவு முன்பே இருந்ததா, தம் கையால் வந்ததா என்று சொல்ல வழியிருக்காது.

1. தொடங்கும் முன் தேவையானவை

உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியவை 4ஆம் பகுதியில் உள்ள பார்வைச் சோதனையும் குறிப்பேடு எழுதுவதும் மட்டுமே. திறப்பதும் அளப்பதும் வயர்மேனின் வேலை.

கருவிகளில் முதன்மையானது 500 வோல்ட் டி.சி. தரும் இன்சுலேஷன் டெஸ்டர், அதாவது மெகர். மல்டிமீட்டரின் ஓம் அளவு இதற்கு ஈடாகாது. அது சில வோல்ட் அழுத்தத்தில் அளப்பதால், 230 வோல்ட்டில் கசியும் வயரைக்கூட நல்லது என்று காட்டிவிடும். மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், நல்ல டார்ச், சிறிய கைக்கண்ணாடி, வயர் உரிக்கும் ஸ்டிரிப்பர், வயர் முனையில் மாட்டும் உலோக லக்குகளும் அவற்றை அழுத்தும் கிரிம்பிங் கருவியும், வயர்களுக்கு அடையாளம் ஒட்டப் பேப்பர் டேப், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். நியான் டெஸ்டரை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. காய்ந்த தரையில் ரப்பர் செருப்புடன் நிற்பவருக்கு அது மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது; பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் தெரியாமல் போகும்.

சோதனைக்கு நாள் பார்ப்பதும் முன்னேற்பாட்டில் சேர்த்தி. சித்திரை மாத நடுப்பகலில் வெடித்த வயரும் நல்ல அளவு காட்டும். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலை அதே வயர் தன் குணத்தைக் காட்டும். காரணம் 5ஆம் பகுதியில் வருகிறது.

2. இன்சுலேஷன் எதனால் கெடுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் சோதிக்கப் போனால், கண்ணில் படும் அறிகுறிகளை வகைப்படுத்த முடியாது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பி.வி.சி. இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாயும் வயரின் தோலும் அடிப்படையில் ஒரே பொருள்தான். அதை வயருக்கு ஏற்றபடி வளையச் செய்வது, அதில் கணிசமான பங்கு கலக்கப்படும் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற பொருள். இது பி.வி.சி.யோடு வேதி முறையில் பிணைந்ததன்று. இடையில் ஊறி நிற்பது. ஆகையால் வெப்பம் பட்டால் மெல்ல ஆவியாகும். வேறு பொருள் ஒட்டிக் கிடந்தால் அதற்குள் இடம்பெயரும். எண்ணெய் பட்டால் அதில் கரைந்து வெளியேறும். அது போகப் போகத் தோல் சுருங்கி, இறுகி, கடைசியில் முற்றிய சோளத்தட்டை ஒடிப்பது போல் படக்கென்று உடைகிறது.

இரண்டாவது சேதம் பி.வி.சி. மூலக்கூறிலேயே நிகழ்வது. கடும் வெப்பத்தில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு பிரிகிறது. பிரிந்த அந்த அமில வாயு மேலும் சிதைவைத் தூண்டுவதால், ஒருமுறை தொடங்கினால் வேகம் கூடிக்கொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போது நிலைநிறுத்திகள் சேர்க்கிறார்கள். அவை தீர்ந்ததும் வெள்ளைத் தோல் மஞ்சளாகி, பழுப்பாகி, கருக்கும். அமிலம் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தாக்குவதால் கம்பியில் பச்சை படியும். சுவிட்ச் போர்டின் அடியில் சில நேரம் காணும் பிசுபிசுப்பான பச்சைத் திரவம், வெளியேறிய பிளாஸ்டிசைசர் செம்போடு சேர்ந்து வழிந்தது. அதைத் துடைத்துவிட்டுப் போவதால் பயனில்லை. அது மேலே எங்கிருந்து இறங்கியது என்பதைத் தேட வேண்டும்.

மூன்றாவது வெயில். புற ஊதாக் கதிர் தோலின் மேற்பரப்பில் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுப்பதால், நிறம் வெளுத்து, விரலில் மாவு போல் ஒட்டி, பிறகு நுண்ணிய வெடிப்புகள் விழும். கரித்தூள் கலந்த கறுப்பு உறை இந்தக் கதிரை மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்வதால் வெளிவேலைக்குக் கறுப்பு உறைக் கேபிள் தாங்குகிறது. வீட்டுக்குள் போட வேண்டிய சிவப்பு, மஞ்சள் ஒற்றை வயர்களை வேலி ஓரமாக இழுத்துச் செல்வது நம் தோட்டங்களில் சர்வ சாதாரணம்; அவை வெயில் பட்ட பக்கம் மட்டும் கெட்டு, மறுபக்கம் பளபளவென்று இருக்கும்.

இந்த மூன்றிலும் முதல் இரண்டுக்கு எரிபொருள் வெப்பம். சாதாரண பி.வி.சி. வயரின் கம்பி 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பது கணக்கு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் கைக்கணக்கு. லூஸாக இருக்கும் ஒரு திருகு தன் அருகில் உள்ள சில அங்குல நீளத்தை மட்டும் எப்போதும் 100 டிகிரிக்கு மேல் வைத்திருக்கக்கூடும். முனை செத்து நடுப்பகுதி உயிரோடு இருப்பதன் காரணம் இதுவே.

3. மின்சாரத்தை முழுமையாக நிறுத்துதல்

மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேசையில் வைத்தால், கரண்ட் போய்விட்டது என்று எண்ணி யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். தறிக்கொட்டகையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் இது மிகவும் நடக்கக்கூடியது.

அடுத்து, மெயினுக்குக் கட்டுப்படாத மின்சாரத்தைத் தேட வேண்டும். இன்வெர்ட்டரின் வெளியீட்டு வயர் மெயின் ஆஃபில் இருந்தாலும் உயிரோடு இருக்கும். அதைத் தனியே நிறுத்த வேண்டும். ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் உள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் இறந்திருக்க மற்றது ஓடிக்கொண்டிருக்கலாம். கூரையில் சோலார் இருந்தால், பேனலிலிருந்து வரும் டி.சி. கேபிளில் வெயில் உள்ள வரை மின்னழுத்தம் இருக்கும். எந்த மெயினும் அதை நிறுத்தாது.

இவை முடிந்த பிறகு, டெஸ்ட் லேம்பை முதலில் உயிருள்ள ஓர் இடத்தில் எரிய வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடியும் உயிருள்ள இடத்தில் எரிகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். நடுவில் பல்பு ஃபியூஸ் போயிருந்தால் செத்த லைன் என்று தவறாக நினைப்போம் என்பதற்காகவே இந்த மூன்றாம் சோதனை.

4. தொடாமல் பார்த்தல்

டார்ச்சும் கைக்கண்ணாடியும் மட்டும் கையில் இருக்கட்டும். மெயின் போர்டிலிருந்து தொடங்கி மின்சாரம் போகும் திசையிலேயே நகர வேண்டும். அப்போதுதான் எந்தச் சர்க்யூட்டும் விட்டுப்போகாது.

முதலில் பார்க்க வேண்டியது அதிக ஆம்பியர் போகும் முனைகள்: மெயின் சுவிட்சின் திருகுகள், ஹீட்டர், ஏ.சி., அயர்ன் பாக்ஸ் பாயிண்டுகள், மோட்டார் ஸ்டார்ட்டர். தோல் பின்வாங்கி அதிகமாகச் செம்பு தெரிந்தால், பிளாஸ்டிசைசர் போய்ச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். வயரின் நிறம் போர்டு அருகே மட்டும் கருத்திருந்தால் அங்கே லூஸ் கனெக்ஷன் உண்டு.

அடுத்து கூரை. தகர சீட், சிமெண்ட் சீட் போட்ட கொட்டகைகளில் வெப்பத்துக்கு அஞ்சித் தெர்மாகோல் சீலிங் அடிப்பது இப்பக்கம் பரவலாகிவிட்டது. வயர் அந்தத் தெர்மாகோலின் மேல் பைப் இல்லாமல் படுத்திருந்தால், அதைத் தனியே குறித்துக்கொள்ளவும். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன், பி.வி.சி.யில் உள்ள பிளாஸ்டிசைசர் அதற்குள் இடம்பெயரும். டார்ச் அடித்துப் பார்த்தால், வயர் கிடந்த வழியெங்கும் தெர்மாகோல் உருகிப் பள்ளம் விழுந்து, ஓரங்கள் வழவழவென்று மின்னும். வயரின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் துணுக்குகள் பசை போட்டது போல் ஒட்டியிருக்கும். தெர்மாகோலைத் தொட்ட அந்தப் பக்கம் மட்டும் தோல் இறுகியிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு வயர் புத்தம் புதிதாகத் தெரியும் என்பதால்தான் கைக்கண்ணாடி கேட்டேன்.

தறிக்கொட்டகையில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். வயர் மீது படியும் பஞ்சுத் தூசி, வெப்பம் வெளியேற விடாமல் போர்த்திவிடும். லூஸ் முனையில் பொறி வந்தால் முதலில் பற்றுவதும் அதுதான். இரண்டாவது எண்ணெய். தறிக்கு விடும் எண்ணெய் தரையோரம் ஓடும் வயரில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் முதலில் ஊதிக் கொழகொழப்பாகும். பிறகு பிளாஸ்டிசைசர் கரைந்து போய் இறுகும். கோழிப்பண்ணைகளில் எச்சத்திலிருந்து எழும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிப்பதால், தோல் நன்றாக இருந்தும் ஹோல்டர் முனை கருத்து நிற்பதைக் காணலாம்.

பழைய ஓட்டு வீடுகளில் மரச் சட்டத்தின் மீது கிளிப் அடித்து ஓடும் வயரிங் இன்னும் இருந்தால், அது ரப்பர் இன்சுலேஷனா என்று பார்க்க வேண்டும். ரப்பர் என்றால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம். தொட்டால் உதிரும் நிலையில்தான் அநேகமாக இருக்கும். முழுவதையும் மாற்றும் பட்டியலில் எழுதிவிட்டு நகரலாம். எலியும் அணிலும் கடித்த இடங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல்தடம் உள்ள வயரை அந்த நீளம் முழுவதும் மாற்ற வேண்டும்.

5. மெகரால் அளத்தல்

அளப்பதற்கு முன் எல்.ஈ.டி. பல்புகள், டி.வி., சார்ஜர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மோட்டார் ஸ்டார்ட்டரில் உள்ள எலக்ட்ரானிக் பாதுகாப்புச் சாதனம் போன்றவற்றைக் கழற்ற வேண்டும். 500 வோல்ட் டி.சி. அவற்றைச் சுட்டுவிடும், சுடாவிட்டாலும் அவற்றின் உள்ளே செல்லும் மின்னோட்டம் வயரின் அளவைப் பொய்யாக்கும்.

மெயின் போர்டில் நியூட்ரல் வயரை இணைக்கும் நியூட்ரல் லிங்கைக் கழற்றுவது கட்டாயம். மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் எர்த் செய்யப்பட்டிருப்பதால், கழற்றாமல் அளந்தால் மெகர் பூச்சியத்தைக் காட்டும். புதியவர்கள் இந்தப் பூச்சியத்தைக் கண்டு வீடு முழுவதும் வயர் போய்விட்டது என்று முடிவு கட்டுவது உண்டு. வீட்டுக்காரருக்கு வீண் செலவு.

சுவிட்சுகள் அனைத்தையும் ஆன் நிலையில் வைத்து, முதலில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். சுவிட்ச் ஆஃபில் இருந்தால், அதற்கு அப்பால் உள்ள வயர் அளவுக்குள் வராது. பிறகு, எல்லாச் சாதனங்களும் கழன்றிருப்பதை உறுதி செய்து, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்க வேண்டும். ஒவ்வொரு அளவும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அளந்து முடித்தபின் வயரில் தேங்கிய மின்னூட்டத்தை எர்த்தில் தொட்டு இறக்கிவிட்டே கையை வைக்க வேண்டும். நீளமான கேபிளில் இந்த அடி வலிக்கும்.

நம் நாட்டின் மின் பாதுகாப்பு விதிப்படி, 500 வோல்ட் டி.சி. ஒரு நிமிடம் கொடுத்தால் குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். இது கீழ் எல்லை. ஆரோக்கியமான வீட்டு வயரிங் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். 2 அல்லது 3 மெகாஓம் காட்டும் சர்க்யூட் விதியில் தேறினாலும், என் கணக்கில் தேறவில்லை. எங்கோ ஈரமோ கரியோ உண்டு. பாதி பாதியாகப் பிரித்து அளந்தால் அந்த இடம் அகப்படும்.

இதில் மிகப் பெரிய கண்ணி, நல்ல அளவு வந்ததும் வேலையை முடித்துவிடுவது. மெகர் அளப்பது கசிவை மட்டுமே. தோல் வெடித்துச் செம்பு தெரிந்தாலும், வெடிப்புக்குள் இருப்பது காய்ந்த காற்று என்றால் கசிவு இருக்காது. காற்றும் நல்ல இன்சுலேட்டர்தானே. ஈரம் அந்த வெடிப்புக்குள் இறங்கிய பின்னரே அளவு விழும். மழைக்காலத்தில் மட்டும் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) ட்ரிப் ஆகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், ஆர்.சி.சி.பி.யைக் குறை சொல்லி அதைக் கழற்றி வீசுவதற்கு முன் இந்தச் சங்கதியை எண்ணிப் பார்க்க வேண்டும். அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

6. முனைகளைத் திறந்து வளைத்துப் பார்த்தல்

இப்போதுதான் கை வைக்கும் நேரம். ஒவ்வொரு வயருக்கும் பேப்பர் டேப்பில் எண் எழுதி ஒட்டிவிட்டுத் திருகைத் தளர்த்தவும்.

முனையிலிருந்து சுமார் ஒரு சாண் தொலைவு வரை விரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஸ்டார்ட்டரின் அவுட்கோயிங் முனையில் கழற்றிய சிவப்பு வயரை எடுத்துக்கொள்வோம்: முதல் இரண்டு அங்குலம் காப்பித்தூள் நிறத்தில், நகம் பதியாத அளவுக்கு இறுகி, வளைத்தால் வளையம் வளையமாக வெடிக்கும், அடுத்த இரண்டு மூன்று அங்குலம் அடர் சிவப்பாக, வளையும்போது மேற்பரப்பு வெளுத்துக் கோடு விழும், அதற்கப்பால் நகம் பதிந்து மீளும், வளைத்தாலும் நிறம் மாறாது. இந்த மூன்றாவது பகுதி தொடங்கும் இடத்தைப் பேனாவால் குறிக்கவும். வெளுத்துக் கோடு விழும் நடுப்பகுதியை நல்லது என்று விட்டுவிடுவதுதான் பொதுவாக நேரும் பிழை. அடுத்த கோடையில் அதுவும் வெடிக்கும்.

குறித்த இடத்தில் வெட்டிய துண்டின் தோலை உரித்துச் செம்பைப் பார்க்க வேண்டும். செம்பு நிறம் மாறாமல் இருந்தால் சேதம் தோலோடு நின்றது. கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்தக் கம்பியில் லக் அடித்தாலும் பிடி சரியாக இராது. பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

நெருப்பு வைத்துச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பி.வி.சி. எரிந்தால் வருவது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அமிலப் புகை. அதனால் தெரியவருவது எதுவும் இல்லை.

7. எவ்வளவு மாற்றுவது என்று முடிவு செய்தல்

முனை மட்டும் கெட்டு, பைப்புக்குள் இருப்பது நன்றாக இருந்து, போர்டில் கூடுதல் நீளமும் இருந்தால், கெட்டதை வெட்டிவிட்டுப் புதிய லக் அடித்தால் போதும். கூடுதல் நீளம் இல்லையென்றால், அந்த ஜங்ஷன் பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸ் வரை வயரை மாற்ற வேண்டும். பைப்புக்குள் ஜாயிண்ட் போட்டு ஒட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது. அந்த ஜாயிண்ட் லூஸானால் கண்ணில் படாமலே சுடும்.

கெட்ட தோலின் மேல் டேப் சுற்றுவது பழுது பார்ப்பதாகாது. வெப்பத்தில் டேப்பின் பசை முதலில் இளகி வழியும், பிறகு டேப் பிரியும். அடியில் உள்ள தோல் முன்பைவிடச் சூடாகவே இருக்கும்.

நடுப்பகுதியிலும் தோல் இறுகியிருந்தால், முழுச் சர்க்யூட்டும் ஓவர்லோடில் ஓடியிருக்கிறது. அங்கே வயரை மட்டும் மாற்றினால், புதிய வயரும் அதே வழியில் போகும். லோடையும் வயரின் தடிமனையும் சேர்த்து மாற்ற வேண்டும். வெயிலாலும் தெர்மாகோலாலும் கெட்டது என்றால், அந்தப் பகுதியைத் தாண்டி இரு பக்கமும் உள்ள பாக்ஸ் வரை மாற்றிவிட்டு, பாதையையே மாற்ற வேண்டும்.

8. புதிய வயரைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் 3/20, 7/20 என்று பழைய கணக்கில் கேட்டாலும், டப்பாவில் சதுர மில்லிமீட்டர் பார்த்து வாங்கவும். அதில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. காற்றில் போடும் வயருக்கு அது வழக்கமாகச் சுற்றுப்புறம் 40 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டது. கம்பி 70 டிகிரி வரை போகலாம் என்றால், வயர் தானாகச் சூடாக மிஞ்சியிருப்பது 30 டிகிரி. பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்கு அடியில் 55 டிகிரி இருந்தால் மிஞ்சுவது 15 டிகிரிதான். வயரின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், பாதிச் சூட்டுக்கு அனுமதிக்கக்கூடிய மின்னோட்டம் சுமார் 70 சதவீதம். அதாவது 20 ஆம்பியர் வயர் அங்கே 14 ஆம்பியர் வயர். பல வயர்கள் ஒரே பைப்பில் நெருங்கி ஓடினால் இன்னும் குறையும். எனவே கூரைக்கு அடியில் போகும் லைனுக்கு ஒரு சைஸ் பெரிய வயர் போடுவதை நான் வழக்கமாகப் பரிந்துரைப்பேன்; விலை வேறுபாடு மறுபடி இழுக்கும் கூலியைவிடக் குறைவு.

எஃப்.ஆர். என்று அச்சிட்டிருந்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எழுத்துகள் தீ வயர் வழியே பரவாது என்பதை மட்டுமே குறிக்கும். வெப்பம் தாங்குவதற்கு எச்.ஆர். என்று இருக்க வேண்டும். அது 85 டிகிரி வரை போகும். எக்ஸ்.எல்.பி.ஈ., அதாவது குறுக்குப் பிணைப்புள்ள பாலித்தீன் இன்சுலேஷன் 90 டிகிரி தாங்கும். வளையும் தன்மைக்குப் பிளாஸ்டிசைசரை நம்பியிராததால் அது போய் இறுகும் தொல்லையும் இல்லை. சாய ஆலைகளின் நீராவிப் பகுதி போன்ற இடங்களுக்கு அதைத்தான் கேட்க வேண்டும்.

அதிக மின்னோட்டம் போனால் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை வயருக்கு ஏற்ப வைக்க வேண்டும். லோடுக்கு ஏற்ப அன்று. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 16 ஆம்பியர் எம்.சி.பி.யை 32 ஆக்கினால், ட்ரிப் நிற்கும், வயர் வேகும். சரியான எம்.சி.பி.கூட எல்லாவற்றையும் பிடிக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரை நாள் முழுவதும் விடும், 23 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் வரை விடக்கூடும், தரநிலையே அப்படித்தான். ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் கொட்டகைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

9. வயரை இழுத்தலும் முனை கட்டுதலும்

பைப்பின் உட்புறக் குறுக்குவெட்டுப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வயர் நிரப்பக் கூடாது. நெருக்கினால் இழுக்கும்போதே தோல் உராய்ந்து மெலியும். பிறகு வெப்பம் வெளியேற வழியும் இராது. சிக்கினால் கிரீஸோ எண்ணெயோ தடவ வேண்டாம். முன்பே சொன்னபடி அது பிளாஸ்டிசைசரைத் தின்றுவிடும். டால்கம் மாவு போதும்.

தோல் உரிக்கும்போது கத்தியால் சுற்றி வெட்டினால் செம்பு இழைகள் சில அறுபடும். மீதி இழைகளில் மின்னோட்டம் நெருங்கி அந்த முனை சுடும். ஸ்டிரிப்பர் கேட்டது இதற்காகத்தான். பல இழை வயருக்கு லக் அடித்தே திருகின் கீழ் வைக்க வேண்டும். வெறுமனே முறுக்கி வைத்த இழைகள் நாளடைவில் அமுங்கி லூஸாகும். பழைய அலுமினியம் வயரோடு செம்பை நேராக முறுக்கக் கூடாது. இரண்டுக்கும் உரிய இணைப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

தெர்மாகோல் சீலிங் உள்ள இடத்தில் வயர் முழுவதும் கெட்டியான பைப்புக்குள் போக வேண்டும். அந்தப் பைப்பில் பிளாஸ்டிசைசர் அவ்வளவாக இல்லாததால் தெர்மாகோல் அதை ஒன்றும் செய்யாது.

10. கிணற்று, போர் மோட்டார் கேபிள்

இதற்குச் சேதம் வேறு வழியில் வருகிறது. போரில் இறங்கியிருக்கும் தட்டைக் கேபிள், மோட்டார் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் பைப் முறுக்கிக்கொள்வதால் கேசிங் குழாயில் உரசுகிறது. பைப்போடு சீரான இடைவெளிகளில் நன்றாகக் கட்டியிருந்தால் உரசல் குறையும். தளர்ந்த கட்டுக்குப் பக்கத்திலேயே தோல் தேய்ந்திருக்கும் என்பதால், மோட்டாரை மேலே எடுக்கும் போதெல்லாம் கட்டு இருந்த ஒவ்வோர் இடத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டரில் கழற்றி அளக்கும்போது கேபிள், அடி ஜாயிண்ட், மோட்டார் வைண்டிங் (உட்சுருள்) மூன்றும் சேர்ந்தே அளவில் வரும். குறைந்த அளவைக் கண்டதும் மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிடாமல், மேலே எடுத்து ஜாயிண்டை வெட்டி மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி ஜாயிண்டாகத்தான் இருக்கும். மோட்டாரே குற்றவாளியாகும் எதிர் நிலையும் உண்டு: கோவையில் தயாராகும் நீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டார்கள் பலவற்றில் வைண்டிங் கம்பியின் மேலும் பிளாஸ்டிக் இன்சுலேஷனே இருக்கிறது, போரில் தண்ணீர் வற்றிய பின்னும் ஓடவிட்டால் அது வெந்துவிடும்.

போர் வாயிலிலிருந்து மோட்டார் ரூம் வரை தரையில் கிடக்கும் துண்டுதான் வெயிலால் கெடுவது. இதைப் பைப்பில் விட்டு மண்ணில் புதைத்தால் வெயிலும் அணிலும் ஒருங்கே தொலையும்.

11. மறு அளவும் பதிவும்

எல்லாம் கட்டிய பின், மின்சாரம் கொடுக்கும் முன் மறுபடி மெகர் வைக்க வேண்டும். இழுக்கும்போது தோல் கிழிந்திருந்தால் இப்போதே தெரியும். தேறினால் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மெயினை நிறுத்தி, டெஸ்ட் லேம்பால் உறுதி செய்து, புதிய முனைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு எந்த முனையில் இருந்தாலும் அந்தத் திருகை மறுபடி கட்ட வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத போர்டு என்றால் இந்த வேலையோடு சேர்த்தே பொருத்திவிடலாம்.

நோட்டில் தேதி, சர்க்யூட்டின் பெயர், மெகாஓம் அளவு, அன்றைய வானிலை நான்கையும் எழுதவும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினாலே இன்சுலேஷன் மின்தடை பாதியாகிவிடக்கூடும். வெயில் நாள் அளவை மழைநாள் அளவோடு ஒப்பிட்டால் தவறான முடிவு வரும். ஆண்டுக்கொரு முறை, அதே மாதத்தில், அதே காலை வேளையில் அளந்தால்தான் இறங்குமுகம் உண்மையா என்று தெரியும்.

கழற்றிய பழைய வயரைச் செம்புக்காகக் கொளுத்த வேண்டாம். இறுகிய தோல் கத்தி வைத்துக் கீறினாலே கழன்றுவிடும். மிருதுவானதைப் பழைய சாமான் கடையில் தோலோடு போட்டாலும் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள்.